சந்தைச் செய்தியை வைத்து நிதிப்பாடம் நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் வணிகவியல் துறையில் நிதி மேலாண்மை நடத்துகிறேன். நாளிதழின் வணிகப் பக்கத்தைக் கத்தரித்து வகுப்புக்கு எடுத்துப்போகும் பழக்கம் எனக்கு உண்டு. அது தெரிந்த நாளிலிருந்து புத்தொளிப் பயிற்சிகளிலும், ஆசிரியர் அறையிலும், விடைத்தாள் திருத்தும் முகாமிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. போன முகாமில் ஒரே நாளில் நான்கு பேருக்கு ஒரே பதிலைச் சொல்லி முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது. அன்றிரவே எழுதத் தொடங்கிவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்; சில மாணவர்கள் கேட்டவை. விலைகளும் வட்டி விகிதங்களும் அந்தந்த நாளுக்குரியவை.

"ஐந்து அலகுகளை முடிக்கவே பருவம் போதவில்லை. இதில் செய்தித்தாள் வேறா?"

தனியாக ஒரு வகுப்பு ஒதுக்க வேண்டியதில்லை. பாடநூலில் "எக்ஸ் லிமிடெட் ரூ.1,00,000 முதலீடு செய்கிறது" என்று தொடங்கும் கணக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செய்தியை வைக்கிறேன். சூத்திரமும் படிகளும் அப்படியே இருக்கும். எண்கள் மட்டும் ஊரறிந்தவை. எக்ஸ் லிமிடெட்டைப் பற்றி யாரும் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பேசுவதில்லை.

வாரத்துக்கு ஒரு செய்தி, ஒரு செய்திக்கு ஒரு கருத்து. ஒரே துண்டிலிருந்து பணவீக்கம், நாணய மாற்று, வரி என்று எல்லாவற்றையும் பிழியப் பார்த்த ஆண்டில் எதுவுமே தேறவில்லை.

"தமிழ் நாளிதழ் போதுமா? ஆங்கில வணிக நாளிதழுக்குச் சந்தா கட்டவேண்டுமா?"

போதும். தங்கம் விலைப் பெட்டி, ரிசர்வ் வங்கி அறிவிப்பு, சென்செக்ஸ் ஏறி இறங்கியது பற்றிய நான்கு வரி ஆகிய மூன்றும் எந்த நாளிதழிலும் இருக்கும். ஒரு பருவத்துக்கு அவையே மிகுதி.

ஆனால் செய்தியோடு அதன் மூலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டி பற்றிய செய்தி என்றால் ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கை அறிக்கை. ஒரு நிறுவனத்தைப் பற்றியது என்றால் பங்குச் சந்தையின் இணையதளத்தில் அந்நிறுவனமே தாக்கல் செய்த அறிவிப்பு. இரண்டும் இலவசம். செய்தியில் இருந்து மூலத்தில் இல்லாத சொல் எது என்று தேடச் சொன்னால் பத்து நிமிடம் வகுப்பு அமைதியாக இருக்கும். பெரும்பாலும் அந்தச் சொல் "அதிரடி".

"நான் பங்குச் சந்தையில் ஒரு ரூபாய்கூடப் போட்டதில்லை. நான் எப்படி நடத்துவது?"

நன்றாகவே நடத்தலாம். கையில் பங்கு வைத்திருப்பவர்தான் கவனமாக இருக்க வேண்டும். தான் வாங்கிய பங்கைப் பற்றி யாருக்கும் நடுநிலையாகப் பேச வராது. நான் ஒரு பங்கு வைத்திருந்தால் அதை வகுப்பில் எடுப்பதில்லை.

"முதல் நாள் எந்தச் செய்தியோடு தொடங்குவது?"

தங்கம். பங்கு என்றால் பாகப்பிரிவினையை நினைக்கும் வகுப்பிலும் சவரன் விலை தெரியாதவர் ஒருவர் இருக்கமாட்டார். நான் எடுத்துப்போவது 2024 ஜூலை 24 நாளிதழ். அதற்கு முந்தைய நாள் மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் மீதான இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சென்னையில் அன்றே சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. "எவ்வளவு இறங்கியிருக்க வேண்டும்?" என்பதுதான் கேள்வி.

கரும்பலகையில் இப்படிப் போகும். உலகச் சந்தையில் ஒரு ட்ராய் அவுன்ஸ் ஏறத்தாழ 2,400 டாலர். ஒரு ட்ராய் அவுன்ஸ் என்பது 31.1 கிராம், ஆகவே ஒரு கிராம் 77.16 டாலர். டாலருக்கு ரூ.83.70 என்று வைத்தால் கிராம் ரூ.6,458. இது சுத்தத் தங்கம். ஆபரணத் தங்கம் 22 காரட் என்பதால் 0.916ஆல் பெருக்க, ரூ.5,916. இதன் மேல் 15 சதவீதம் வரி சேர்த்தால் ரூ.6,803, 6 சதவீதம் சேர்த்தால் ரூ.6,271. வேறுபாடு கிராமுக்கு ரூ.532, எட்டு கிராம் கொண்ட சவரனுக்கு ஏறத்தாழ ரூ.4,260. பெருக்கிப் பார்த்து, கடைப் பலகையில் கண்ட விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று உணரும் கணம் ஒன்று உண்டு. அதற்காகவே இந்தக் கணக்கைக் கைபேசியில் போடவிடாமல் கையால் போடச் சொல்கிறேன்.

பிறகு சிக்கல் தொடங்குகிறது. ரூ.4,260 இறங்க வேண்டிய இடத்தில் முதல் நாள் ஏன் அதில் பாதிதான் இறங்கியது? அடுத்தடுத்த நாட்களிலும் விலை இறங்கியதே, ஏன் ஒரேயடியாக இறங்கவில்லை? கடைக்காரர் கையிலிருக்கும் பழைய சரக்கு, அதே நாட்களில் உலக விலையின் ஆட்டம், வரி குறையும் என்று முன்பே பேசப்பட்டது என ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்வார்கள். நான் முடிவு சொல்வதில்லை. மணி அடித்துவிடும்.

"தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்குச் சொற்களே சிக்கலாக இருக்கின்றன. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?"

மொழிபெயர்ப்புப் பாடநூலில் "தள்ளுபடி வீதம்" என்று இருக்கும். மாணவர் மனத்தில் வருவது ஆடித் தள்ளுபடி. நாளை வரும் ரூபாய்க்கு இன்று என்ன மதிப்பு என்ற கருத்துக்கும் தியாகராய நகர் ஜவுளிக் கடைக்கும் சம்பந்தமில்லை என்று விளக்குவதிலேயே அரைமணி போகும்.

நான் தள்ளுச் சீட்டிலிருந்து தொடங்குகிறேன். இருபது பேர், மாதம் ஐயாயிரம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. இரண்டாம் மாதமே ஒருவர் 25,000 ரூபாய் தள்ளி, 75,000க்கு எடுத்துப்போகிறார். அவர் ஏமாளியா? இல்லை, மகள் கல்யாணத்துக்கு இன்று வேண்டும், பின்னால் வரும் ஒரு லட்சத்தைவிட இன்றைய 75,000 அவருக்குப் பெரிது. அந்தத் தள்ளுதான் பாடநூலின் தள்ளுபடி. சொல் முதலிலேயே சரியாகத்தான் இருந்திருக்கிறது. நாம்தான் கடைவீதிப் பக்கம் போய்விட்டோம். ரெப்போ, டிவிடெண்ட், மியூச்சுவல் ஃபண்ட் போன்றவற்றை அப்படியே விட்டுவிடுகிறேன். செய்தியிலும் வங்கியிலும் அவர்கள் காதில் விழப்போவது அவைதான்.

"'முதலீடு 128 சதவீதம் லாபம்' என்று வந்த செய்தியை எட்டால் வகுத்து ஆண்டுக்கு 16 சதவீதம் என்கிறார்கள். தவறு என்றால் நம்ப மறுக்கிறார்கள்."

அரசின் முதல் தங்கப் பத்திரத்தைச் சொல்கிறீர்கள். 2015 நவம்பரில் கிராம் ரூ.2,684க்கு வெளியிடப்பட்டு, எட்டு ஆண்டு கழித்து 2023 நவம்பரில் ரூ.6,132க்குத் திருப்பித் தரப்பட்டது. லாபம் 128 சதவீதம் என்பது சரி. ஆண்டுக்கு 16 என்பது தவறு.

நம்பவைக்க ஒரே வழி, அவர்கள் சொன்ன 16 சதவீதத்தை அவர்களையே ஆண்டாண்டாக ஏற்றிப் பார்க்கச் சொல்வது. 2,684 முதல் ஆண்டு முடிவில் 3,113, பிறகு 3,612 என்று எட்டாம் ஆண்டில் 8,800ஐத் தொடும். ஆனால் கிடைத்தது 6,132. இப்போது 11 சதவீதத்தை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட வந்து நிற்கும். சரியான விடை 10.9. விலை ஏற்றம் போக, வெளியீட்டு விலைமீது ஆண்டுக்கு 2.75 சதவீத வட்டியும் அந்தப் பத்திரத்துக்கு உண்டு. அதையும் சேர்த்துக் கணக்கிடுவது வீட்டுப்பாடம்.

"சென்செக்ஸ் வரலாறு காணாத சரிவு என்று போட்டால் அதைத்தானே பெரிய சரிவு என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்?"

மூன்று நாட்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். 1992 ஏப்ரல் 28, பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் மோசடி விவகாரம் வெடித்த நேரம்: 570 புள்ளிகள். 2020 மார்ச் 23, பெருந்தொற்று: 3,935 புள்ளிகள். 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை: 4,390 புள்ளிகள். வகுப்பு ஒரே குரலில் கடைசியைச் சொல்லும். பக்கத்தில் சதவீதத்தை எழுதுங்கள்: 12.77, 13.15, 5.74. வரிசை மாறிவிடும், கடைசி நாள்தான் மூன்றிலும் சிறியது. புள்ளி என்பது உயரத்தைப் பொறுத்தது. பத்தாவது மாடியில் இருப்பவர் ஒரு மாடி இறங்குவதும் முதல் மாடியில் இருப்பவர் ஒரு மாடி இறங்குவதும் ஒன்றல்ல. இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நேரம் செலவிட வேண்டாம்.

"'முதலீட்டாளர்களுக்கு ஒரே நாளில் 31 லட்சம் கோடி ரூபாய் இழப்பு' என்கிறார்களே, அந்தப் பணம் எங்கே போனது?"

அதே 2024 ஜூன் 4 செய்தி. ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். கேட்காவிட்டால் நானே கேட்டுவிடுவேன். நிதிப்பாடத்தில் இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

ஊருக்கு வெளியே ஒரு மனைப்பிரிவு. நூறு மனைகள், ஒவ்வொன்றும் பத்து லட்சம் என்று பேச்சு. ஆகவே மொத்தம் பத்து கோடி. ஒருவருக்கு அவசரம், தன் மனையை எட்டு லட்சத்துக்கு விற்றுவிடுகிறார். மறுநாள் டீக்கடையில் "மனை எட்டு லட்சம்" என்று ஆகிவிடுகிறது. நூறு மனைகளின் மதிப்பு எட்டு கோடி. இரண்டு கோடியை யார் எடுத்துப்போனார்? யாரும் இல்லை. கை மாறிய பணம் எட்டு லட்சம் மட்டும். மற்ற 99 பேரும் விற்கவில்லை, யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. அவர்கள் மனையின் மேல் ஒட்டியிருந்த விலைச்சீட்டு மாறியிருக்கிறது. சந்தை மதிப்பு என்பது கடைசியாக விற்ற விலையை மொத்தப் பங்குகளால் பெருக்கிய எண். அன்று விற்றவர்களுக்கு அது உண்மையான இழப்பு; விற்காதவர்களுக்கு எண்.

"அப்படியானால் அது பொய்யா?" என்று அடுத்த கேள்வி வரும். பொய் அல்ல. மனையை அடகு வைத்துக் கடன் வாங்கியவரிடம் கேட்டுப்பாருங்கள். வங்கி அந்த எட்டு லட்சத்தைத்தான் பார்க்கும். ஜூன் 3 அன்று 76,469இல் முடிந்த சென்செக்ஸ் ஜூன் 4இல் 72,079க்கு வந்து, ஜூன் 7இல் 76,693இல் நின்றது. நான்கு நாளுக்குள் திரும்பிவிட்டது என்பதைச் சொல்லிவிட்டு, எல்லாச் சரிவும் இப்படித் திரும்பும் என்று நினைத்துவிடாமல் 1992ஐயும் நினைவூட்டிவிடுங்கள்.

"ஒரு பங்கு ஒரு லட்ச ரூபாய் என்றால் அந்தக் கம்பெனிதானே நாட்டிலேயே பெரியது?"

2023 ஜூன் 13 அன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் பங்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. பலூனில் தொடங்கி டயருக்கு வந்த நிறுவனம் என்பதால் செய்தியும் சுவையாக இருந்தது. மேலே சொன்ன பெருக்கலை இங்கே போடுங்கள். அதன் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 42.4 லட்சம் மட்டுமே. பெருக்கினால் 42,400 கோடி ரூபாய். அதே நாட்களில் டைட்டன் பங்கு மூவாயிரத்துக்குக் கீழே. ஆனால் பங்குகளின் எண்ணிக்கை 88.78 கோடி. பெருக்கினால் இரண்டரை லட்சம் கோடி. ஒரு லட்ச ரூபாய்ப் பங்கைவிட மூவாயிரம் ரூபாய்ப் பங்கு ஆறு மடங்கு பெரிய நிறுவனத்தினுடையது.

டைட்டனை எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து 1984இல் தொடங்கியது. டிட்கோவிடம் இன்றும் 27.88 சதவீதப் பங்கு உள்ளது. டைட்டன் பங்குக்கு ஒரு ரூபாய் டிவிடெண்ட் (லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் தொகை) அறிவித்தால் டிட்கோவுக்கு எவ்வளவு போகும் என்று கேளுங்கள். ஏறத்தாழ 24.75 கோடி. டிவிடெண்ட் என்ற சொல் அதற்குப் பிறகு மறப்பதில்லை.

"ரிலையன்ஸ் பங்கு ஒரே நாளில் பாதியாகிவிட்டது என்று மாணவர் கைபேசியைக் காட்டினார். என்ன சொல்வது?"

2024 அக்டோபர் 28. கையிலிருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இன்னொன்று இலவசம் என்ற போனஸுக்காக விலை சரிசெய்யப்பட்ட நாள்; 2,650 ரூபாய்ச் சுற்றில் இருந்தது 1,330 அளவில் தொடங்கியது. தோசையை இரண்டாக வெட்டினால் மாவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. முந்தைய பதிலில் போட்ட பெருக்கலை மறுபடி போடச் சொல்லுங்கள், விடை மாறாது.

"ரெப்போ வட்டி 0.25 சதவீதம் குறைந்தது என்பதில் என்ன இருக்கிறது? காசு பெறாத விஷயமாக இருக்கிறதே?"

வீட்டுக் கடனில் வைத்துக் காட்டுங்கள். ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி. அது 2025 பிப்ரவரி 7இல் 6.50லிருந்து 6.25, ஏப்ரல் 9இல் 6.00, ஜூன் 6இல் 5.50. நான்கு மாதத்தில் ஒரு முழுச் சதவீதம். 30 லட்ச ரூபாய்க் கடன், 20 ஆண்டு, 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை ரூ.26,035. வட்டி 7.5 ஆனால் ரூ.24,168. மாதம் 1,867 ரூபாய் குறைவு. 240 மாதத்துக்கு நாலரை லட்சம்.

பல வங்கிகள் தவணையை அப்படியே வைத்துவிட்டுக் காலத்தைக் குறைக்கும். அதே ரூ.26,035ஐத் தொடர்ந்து கட்டினால் ஏறத்தாழ 205 மாதத்தில் கடன் முடிந்துவிடும். மூன்று ஆண்டு மிச்சம். ஒரு மாணவி இந்தக் கணக்கை வீட்டுக்கு எடுத்துப்போய், அப்பாவின் கடன் பழைய முறையில் இருப்பதையும் அதனால் ரெப்போ குறைந்தும் வட்டி குறையாததையும் கண்டுபிடித்து வந்தார். 2019 அக்டோபரிலிருந்து மாறும் வட்டியில் வழங்கப்படும் புதிய வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு வங்கிகள் இணைக்க வேண்டும். அதற்கு முன் வாங்கியவர்கள் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் அப்பா மாற்றினாரா என்று நான் கேட்கவில்லை. வகுப்பு முழுவதும் மறுநாள் வீட்டுக் கடன் பாஸ்புக்கோடு வந்தது.

"வட்டி ஏறினால் கடன் பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது? எத்தனை முறை சொன்னாலும் அவர்களுக்கு ஏறுவதில்லை."

சூத்திரத்தை மூடிவைத்துவிடுங்கள். ஒரு காகிதத்தில் "இதைக் கொண்டுவருபவருக்கு ஓராண்டு கழித்து ரூ.106 தரப்படும்" என்று எழுதி ஏலம் விடுங்கள். வங்கி வட்டி 6 சதவீதமாக இருக்கும்போது அதற்கு ரூ.100 தருவார்கள். இப்போது வங்கி 7 சதவீதம் தருகிறது என்று சொல்லிவிட்டு மறுபடி ஏலம் விடுங்கள். நூறு தரமாட்டார்கள், 99.07தான். காகிதத்தில் எழுதிய 106 மாறவில்லை, அதனால் விலைதான் இறங்கியாக வேண்டும். இதையே ஆண்டுக்கு ரூ.6 வட்டியும் பத்தாம் ஆண்டில் ரூ.100 முதலும் தரும் பத்திரமாக்கினால் விலை 92.98க்கு வந்துவிடும். நீளம் கூடக்கூட அடி பலம்.

இதன் பிறகு சிலிகான் வேலி வங்கியைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் வட்டி தரைமட்டத்தில் இருந்தபோது வைப்பாளர்களின் பணத்தை நீண்டகாலப் பத்திரங்களில் போட்டிருந்தார்கள். 2022இல் வட்டி மளமளவென்று ஏறியது. 2023 மார்ச் 8 அன்று 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்று, 180 கோடி டாலர் நட்டம் என்று அறிவித்தார்கள். மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை வைப்பாளர்கள் எடுக்க முயன்றார்கள். மார்ச் 10இல் வங்கி மூடப்பட்டது. பத்திரங்களில் பெரும்பகுதி அமெரிக்க அரசோ அதன் ஆதரவு பெற்ற அமைப்புகளோ பொறுப்பேற்றவை, வாராக்கடன் அல்ல. "பத்திரம் பத்திரமானதுதானே, எப்படி நட்டம்?" என்று கேட்கும் மாணவருக்கு ஏலம் விட்ட காகிதத்தைக் காட்டினால் போதும்.

"வட்டி குறைந்தால் பங்குச் சந்தை ஏறும் என்று நடத்தினேன். 2025 பிப்ரவரி 7 அன்று குறைந்தது, சென்செக்ஸ் இறங்கியது. மாணவர்கள் முன்னால் அசடு வழிந்தேன்."

நானும்தான். ஐந்து ஆண்டுக்குப் பின் வந்த முதல் குறைப்பு. சென்செக்ஸ் ஏறத்தாழ 200 புள்ளிகள் இறங்கி முடிந்தது. குறைப்பு வரும் என்று வாரக்கணக்கில் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு மறுநாள் பட்டாசு வாங்க யார் வருவார்? விலையை நகர்த்துவது செய்தி அல்ல, செய்தியில் எதிர்பாராமல் இருந்த பகுதி. இந்த ஒரு வரிக்காக "திறன்மிகு சந்தை" என்ற அலகு முழுவதையும் அந்த நாளை வைத்தே நடத்துகிறேன். அசடு வழிந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

"அப்படியானால் செய்தியில் 'இதனால் சந்தை சரிந்தது' என்று எழுதும் காரணத்தை நம்பலாமா?"

தங்கக் கணக்கில் பார்த்த அதே 2024 ஜூலை 23ஐ எடுங்கள். பட்ஜெட்டில் பங்குகளின் குறுகிய கால ஆதாய வரி 15லிருந்து 20 சதவீதம் ஆனது. நீண்ட கால ஆதாய வரி 10லிருந்து 12.5. உரை நடக்கும்போதே சென்செக்ஸ் 1,200 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. "வரி உயர்வால் சந்தை சரிவு" என்று இணையச் செய்திகள் வந்தன. மாலையில் பார்த்தால் இறக்கம் 73 புள்ளிகள். மதியம் இருந்த காரணம் மாலையில் எங்கே போனது? வரி அப்படியேதானே இருந்தது?

பொய் என்று சொல்லமாட்டேன். நிருபருக்கு நாலு மணிக்கு ஒரு காரணம் வேண்டும். "தெரியவில்லை" என்று தலைப்புப் போட முடியாது. அதனால் "லாப நோக்கு விற்பனை" வரும். விற்றார்கள், அதனால் விலை இறங்கியது என்பது காரணம் அல்ல, நடந்ததை வேறு சொல்லில் சொல்வது. மாணவர்களிடம் செய்தியைக் கொடுத்து, நிகழ்ந்தவற்றைப் பச்சை மையிலும் காரணங்களைச் சிவப்பு மையிலும் அடிக்கோடிடச் சொல்கிறேன். சிவப்புக்கு ஆதாரம் கேட்பது அடுத்த வேலை.

"இன்றைய செய்தியை இன்றே நடத்தினால்தானே சூடு இருக்கும்? நீங்கள் ஏன் ஆறு மாதப் பழையதை எடுக்கிறீர்கள்?"

வட்டி, வரி, தங்கம் ஆகியவற்றை அன்றே எடுப்பேன். தனி நிறுவனப் பங்கின் விலையை மட்டும் ஆறவிட்டுத்தான் எடுப்பேன். காரணம் என் தவறு. பல ஆண்டுக்கு முன் ஒரு நிறுவனத்தின் காலாண்டு முடிவு வந்த மறுநாளே அதை வைத்து விலை-வருவாய் விகிதம் நடத்தினேன். "மற்றவற்றைவிட மலிவாகத் தெரிகிறது" என்று ஒரு சொல் வாயில் வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து ஒரு மாணவரின் தந்தை கல்லூரிக்கு வந்தார். சண்டை போடவில்லை. "மேடம் சொன்னாங்கன்னு பையன் சொன்னான், நாற்பதாயிரம் போட்டேன், இன்னும் வைத்திருக்கலாமா?" என்று கேட்டார். விலை அதற்குள் கணிசமாக இறங்கியிருந்தது. அவர் அந்த மரியாதையோடு கேட்டதுதான் இன்றும் உறுத்துகிறது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. கல்வி என்ற பெயரில் பங்குப் பரிந்துரை நடப்பதைக் கட்டுப்படுத்த, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2025 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கல்வியில் மட்டும் ஈடுபடுபவர், கடந்த மூன்று மாத விலைத் தரவை வைத்து ஒரு பங்கின் எதிர்கால விலையையோ பரிந்துரையையோ குறிக்கும் வகையில் பேசக் கூடாது என்றது அது. கல்லூரி வகுப்பறையை மனத்தில் வைத்து எழுதியதல்ல. தரகர்கள் போன்ற பதிவுபெற்ற அமைப்புகளோடு தொடர்புடைய காணொளி ஆசான்களைக் குறிவைத்தது. ஆனாலும் மூன்று மாதம் என்பது நல்ல அளவு. ஆறிய செய்தியில் பிறகு என்ன நடந்தது என்பதும் தெரிந்திருக்கும். ஊகிக்க வேண்டிய தேவையே இருக்காது.

"மேடம், எந்தப் பங்கு வாங்கலாம்?"

சொல்லமாட்டேன். ஏன் என்பதை மேலே படித்துக்கொள்ளவும்.

"என் வகுப்பில் ஒரு பையன் ஆப்ஷனில் ஒரே வாரத்தில் எட்டாயிரம் சம்பாதித்தேன் என்கிறான். மற்றவர்கள் வாய் பிளந்து கேட்கிறார்கள். என் பாடம் எடுபடவில்லை."

அவனைத் திட்டாதீர்கள், அவன் பொய் சொல்லவில்லை. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைக் கொண்டுபோங்கள். 2021-22 முதல் 2023-24 வரை பங்கு முன்பேர வணிகத்தில் (ஆப்ஷனும் இதில் அடக்கம்) ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டம் அடைந்தார்கள். சராசரியாக ஆளுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம், செலவுகளையும் சேர்த்து. மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

பிறகு ஒரு பெட்டியில் நூறு சீட்டுகள் போடுங்கள். 93இல் "நட்டம்", ஏழில் "லாபம்". எல்லோரும் ஆளுக்கொன்று எடுக்கட்டும். அறுபது பேர் வகுப்பில் நான்கைந்து பேர் கையில் "லாபம்" இருக்கும். அவர்களை மட்டும் எழுந்து நின்று பேசச் சொல்லுங்கள்; மற்றவர்கள் பேசக் கூடாது. விடுதியில் நடப்பது அதுதான். என் வகுப்பில் இதைச் செய்தபோது எட்டாயிரம் சம்பாதித்த பையன் தானாகக் கைபேசியை எடுத்து, அதற்கு முந்தைய மாதத்தின் கணக்கைக் காட்டினான். இருபத்திரண்டாயிரம், சிவப்பில்.

"கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது என்கிறார்கள். விலை எப்படி எதிர்மறையாகும்? எனக்கே புரியவில்லை."

2020 ஏப்ரல் 20. அமெரிக்க எண்ணெயை மே மாதத்தில் பெற்றுக்கொள்வதற்கான முன்பேர ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. விலை இறங்கியது எண்ணெய்க்கு அல்ல, ஒப்பந்தத்துக்கு. அந்த ஒப்பந்தத்தை மறுநாள் முடியும்வரை கையில் வைத்திருப்பவர் ஓக்லஹோமாவின் குஷிங் நகரில் எண்ணெயை உண்மையிலேயே பெற்றுக்கொள்ள வேண்டும். ஊரடங்கில் வண்டி ஓடவில்லை. தொட்டிகளில் இடம் இல்லை. காகிதத்தில் மட்டும் வாங்கி விற்க வந்தவர் ஆயிரம் பீப்பாயை எங்கே கொட்டுவார்? "நீயே எடுத்துக்கொள், மேலே பணமும் தருகிறேன்" என்றார்கள். வீடு இடித்த கட்டடக் கழிவை அள்ளிப்போகக் காசு கொடுக்கிறோம் அல்லவா, அதே கதைதான்.

இங்கே இன்னொரு முடிச்சு உண்டு. மும்பையின் எம்.சி.எக்ஸ். பண்ட வணிகச் சந்தையில் எண்ணெய் நேரில் கைமாறுவதில்லை. அமெரிக்க முடிவு விலையை ரூபாயில் மாற்றிக் கணக்குத் தீர்ப்பார்கள். இந்திய வணிகர்கள் எண்ணெயைக் கண்ணால்கூடப் பார்க்கவேண்டியதில்லை, தொட்டியும் தேவையில்லை. ஆனாலும் தீர்வு விலை மைனஸ் 2,884 ரூபாயாக வைக்கப்பட்டது. ஒரு ரூபாய்க்கு வாங்கினால் அதிகபட்ச நட்டம் ஒரு ரூபாய் என்று நினைத்து வாங்கியவர்களின் கதி என்ன என்பதை எம்.காம். வகுப்பில் மட்டும் நடத்துகிறேன். இளங்கலையில் நடத்தினால் அடுத்த இரண்டு வாரமும் அதே பேச்சு.

"எல்லாம் சரி. பல்கலைக்கழக வினாத்தாளில் எக்ஸ் லிமிடெட்தானே வருகிறது? மதிப்பெண் எங்கே?"

கணக்கின் படிகள் ஒன்றே என்பதால் அங்கே இழப்பு எதுவும் இல்லை. அகமதிப்பீட்டில் மட்டும் ஒரு கேள்வியைச் செய்தியோடு வைக்கிறேன். மூன்று வரிச் செய்தியை அச்சிட்டு, கீழே கேட்பது: இதில் கணக்கிடக்கூடியது எது, அதைக் கணக்கிடுக; இதில் சொல்லப்பட்ட காரணத்தை மறுக்கக்கூடிய ஒரு காரணம் எழுதுக. நகலெடுக்க முடியாது, ஏனெனில் இரண்டாம் பகுதிக்கு ஒரே விடை கிடையாது.

"ஒரே விடை இல்லை என்றால் எப்படித் திருத்துவது? நீங்கள் நடத்தியதற்கு நேர்மாறாக எழுதினால் மதிப்பெண் போடுவீர்களா?"

போட்டிருக்கிறேன். தங்க வரிக் கணக்கைத் தேர்வில் கேட்டபோது, கடைக்காரர்கள் பழைய சரக்கை வைத்திருந்ததால்தான் விலை மெதுவாக இறங்கியது என்று பெரும்பாலோர் எழுதியிருந்தார்கள். வகுப்பில் பேசியது அது. ஒரு மாணவி மட்டும் மறுத்திருந்தார். அவர் மாமா கோயம்புத்தூரில் நகைப் பட்டறை வைத்திருக்கிறார். கடைகள் அன்றன்றைய விலைக்குத்தான் விற்கும், பழைய சரக்கில் நட்டம் வந்தாலும் பலகை விலையைத் தனியாக ஒரு கடை உயர்த்தி வைக்க முடியாது, பக்கத்துக் கடைக்கு ஆள் போய்விடும். ஆகவே மெதுவாக இறங்கியதற்குச் சரக்கு காரணமாக இருக்க முடியாது என்று எழுதி, அந்த வாரத்தில் டாலர் விலை எவ்வளவு மாறினால் இந்த வேறுபாடு வரும் என்று பின்னோக்கிக் கணக்கும் போட்டிருந்தார். என் விளக்கத்தைவிட நன்றாக இருந்தது.

பத்துக்கு ஒன்பது கொடுத்தேன். சவரனுக்குப் பத்து கிராம் என்று எடுத்துவிட்டார்.